இருபத்தோர் இலக்க எண்ணின் வரலாறு

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 13, 31 போன்ற சிற்றெண்களைப் பகா எண்கள் எனக் காட்டுதல் தொடக்கப் பள்ளி மாணவர்க்கும் எளிது. எண் பெருகப் பெருக அம்முடிவுக்கு வருதல் அரிதாகின்றது. 147,573,952,589,676,412,927 என்னும் எண்ணின் வரலாறே இதற்குச் சான்று. இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இவ்வெண்.

பிரெஞ்சு நாட்டுத் துறவியாகிய மாரின் மெர்சென், 1644இல் வெளியிட்ட நூலொன்றில், இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களுள் 257ஆம் அடுக்கு வரை எவையெவை பகா எண்கள் என்று பட்டியலிட்டார். 67ஆம் அடுக்கும் அதில் இடம்பெற்றது. நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கூற்றை மறுத்துக் காட்டுவார் இலர்.

1876இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இவ்வெண் பகா எண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், அவர் கையாண்ட முறை எண்ணின் காரணி ஒன்றையேனும் காட்டவில்லை. எண் பகுபடும் என்பது தெளிவாயிற்று. எவ்வெண்களால் பகுபடும் என்பது மறைபொருளாகவே நின்றது.

காரணிகளைத் தேடுவோர்க்கு ஒரு துணை இருந்தது. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆயினும், அவ்வாறு அமையும் எண்களும் இலட்சக்கணக்கில் உள்ளன. அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல், வேறு நுண்ணிய வழிகளையும் துணைக்கொண்டு அத்தேடலை மேற்கொண்டார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் தம் முடிவை அவர் வெளியிட்டார். பேச்சின்றிக் கரும்பலகையில் 193,707,721 என்பதை 761,838,257,287ஆல் பெருக்கிக் காட்டி அவர் அமர்ந்தார் என்றும், அவையினர் கைதட்டி மகிழ்ந்தனர் என்றும் கணித வரலாற்று ஆசிரியர் எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதினார். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்பணிக்குச் செலவாயின எனக் கோல் கூறியதாகவும் அவர் குறித்துள்ளார்.

மெர்சென் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 ஆகியவை விடுபட்டவை. 1947இல்தான் அப்பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டது. ஆயினும், இவ்வகை எண்கள் இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. பிழையோடு வந்தாலும், அப்பட்டியல் பல தலைமுறை அறிஞர்களை உழைக்கத் தூண்டியது.

இன்று கணினி இவ்வெண்ணை நொடிப்பொழுதில் பகுத்துவிடும். அதனால் கோலின் உழைப்பு சிறுமையுறாது. கணிதத்தில் சொல்பவரின் பெருமை சான்றாகாது, நிறுவலே சான்றாகும். கோல் மூன்றாண்டு தேடிக் கண்டதைப் பெருக்கல் கற்ற மாணவன் ஒருவன் தாள் ஒன்றில் தானே சரிபார்க்கலாம். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக அவன் அதை நம்ப வேண்டியதில்லை.