தேறலும் டாடியும்

மேனாட்டார் குளிர்காலத்தில் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் பானம் ஒன்றுண்டு. குவளையில் சிறிது விஸ்கி வார்த்து, ஒரு கரண்டித் தேனும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வெந்நீர் விட்டுக் கலக்குவர். அமெரிக்கராயின், பாதிக்கு மேல் மக்காச்சோளம் கொண்டு வடித்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில் முதிரவைத்த போர்பன் என்னும் விஸ்கியை வார்ப்பர். இக்கலவையின் பெயர் 'டாடி' என்பது.

இப்பெயர் பிறந்த இடம் மேனாடு அன்று. இந்தியில் பனைக்குத் 'தாட்' என்றும், பனங்கள்ளுக்குத் 'தாடி' என்றும் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதனை 'டாடி' எனத் திரித்து வழங்கினர். அடுத்த நூற்றாண்டில் அதுவே, இனிப்பும் வெந்நீரும் கலந்த மதுவுக்கும் பெயராயிற்று.

தேனையும் கள்ளையும் இணைத்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. நறவு, மட்டு என்னும் சொற்கள் இரண்டனையும் குறிப்பன. குன்றவர் நெடிய மூங்கிலில் முதிர்ந்த தேன்கள்ளின் தெளிவாகிய தேறலை உண்டு குரவையாடியதைத் திருமுருகாற்றுப்படை கூறும். மூங்கிலிலோ மரக்கலத்திலோ மதுவை முதிரவைக்கும் கலை ஒன்றே. எனினும் வள்ளுவர், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார்.

மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் தமிழர் கண்ட கள்ளோ வேறு. அது தென்னங்கள். அரசின் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டங்களிலேயே இருந்தன. உழைத்துப் பெற்ற கூலி, வீட்டுக்குச் செல்லாமல் அக்கடைகளிற் கரைந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர் ஆர். எச். நாதன், கோலாலம்பூர்த் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, துரைமார் எதிர்ப்படின் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

கடையை மூடுக என்று கேட்டவர் வெளியிலிருந்து அறம் உரைத்தவர் மட்டும் அல்லர். அக்கடையால் நலிந்த தொழிலாளரே ஆவர். கூலியோடு கள்ளையும் எண்ணிய அவர்கள், இரண்டையும் மானத்தின் கணக்கிலேயே வைத்தனர்.

ஒரே சொல், ஓரிடத்தில் தேன் கலந்த குளிர்கால மருந்தாயிற்று. மற்றோரிடத்தில் கூலியை விழுங்கும் குழியாயிற்று. சொல்லின் பிறப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், அச்சொல் கிள்ளானில் பட்ட பாட்டையும் உடன் கற்பித்தல் தகும்.