வான்கூவரில் ஒரு காத்திருப்பு அறை

ஒரு கம்பெனி வெளிநாட்டில் கிளை திறக்கிறது என்றால் நம் தலைமுறைக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, சரக்கு விற்க. மற்றது, சம்பளம் குறைவான இடத்தில் வேலையை முடித்துக்கொள்ள. சூரத்திலும் சென்னையிலும் பண்டகசாலை போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியை முதல் வகையில் வைக்கலாம். 1985-இல் பெங்களூருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இரண்டாவது வகை என்று சொன்னால் பெரிய பிழையில்லை, திறமைசாலிகளைத் தேடித்தான் வந்தார்கள் என்றாலும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் கனடாவில் திறந்த ஓர் அலுவலகம் இந்த இரண்டிலும் அடங்காது. வேலைக்கு எடுத்த ஆட்களை உட்கார வைக்க இடம் வேண்டும் என்பதற்காகவே திறந்த கிளை அது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருடைய வாழ்க்கை இந்த மாதிரிக் கிளைகள் வழியாகப் போயிருப்பதால், கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எச்-1பி. இன்று மார்ச் மாதம் பிறந்தால் "குலுக்கல்ல விழுந்துதா?" என்று விசாரிக்காத தெரு நம் பக்கத்தில் குறைவு. 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய குடியேற்றச் சட்டம்தான் இந்த விசாவுக்கு இப்போதைய வடிவத்தையும், ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பையும் கொடுத்தது. ஒய்2கே பரபரப்பில் அதை 1,15,000 ஆக்கினார்கள். 2001 முதல் 2003 வரை 1,95,000 வரை போனது. 2003 அக்டோபரில் ஏணியை எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை பழையபடி 65,000-க்கே இறங்கியது. அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் தனியாக 20,000 இடங்கள் என்று அடுத்த வருடம் ஒரு சட்டம் வந்தது. அவ்வளவுதான்.

அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டுக்கு ஏப்ரல் முதல் தேதியே விண்ணப்பிக்கலாம். 2007-இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் திங்கட்கிழமை, ஏப்ரல் 2 அன்று கவுண்டர் திறந்தது. முதல் நாளே ஒதுக்கீட்டுக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. இரண்டு நாளில் 1,20,000-க்கும் மேல். கம்ப்யூட்டரை வைத்துக் குலுக்கிப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. விண்ணப்பிக்கும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் தருவது மே, ஜூன் மாதங்களில். அதாவது அந்த வருடம் அங்கே இளங்கலை முடித்து வெளியே வந்த வெளிநாட்டு மாணவன் கையில் பட்டம் வாங்குவதற்குள் இடமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. படித்த பிறகு பயிற்சி என்ற பெயரில் அப்போது ஒரு வருடம் வேலை பார்க்க முடிந்தது. அதற்குள் அடுத்த ஏப்ரலில் குலுக்கலில் விழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பில் கேட்ஸ் சும்மா இருக்கவில்லை. 2007 மார்ச் 7 அன்று அமெரிக்க செனட்டின் ஒரு குழுவின் முன் போய் உட்கார்ந்து, இந்த வரம்பை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்டார். அந்த வருடம் குடியேற்றச் சட்டம் முழுவதையும் திருத்த ஒரு பெரிய மசோதா செனட்டில் இருந்தது. ஆனால் அங்கே சண்டையெல்லாம் காகிதமில்லாமல் வந்து குடியேறியவர்களைப் பற்றி. இன்ஜினீயர்களின் விசா அந்தப் பெரிய வண்டியின் பின்னால் கட்டிய சிறு பொட்டலம். ஜூன் 28 அன்று மசோதா வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. பொட்டலமும் கூடவே விழுந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 5 அன்று, கனடாவின் வான்கூவர் பகுதியில் ஒரு மென்பொருள் மையம் திறக்கப் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமெரிக்கக் குடியேற்றச் சிக்கலில் மாட்டிக்கொண்ட திறமையான ஆட்களை வேலைக்கு எடுக்கவும், கைநழுவாமல் வைத்துக்கொள்ளவும் அது உதவும் என்று அறிவிப்பிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்கள்.

ஏன் வான்கூவர்? வரைபடத்தைப் பார்த்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகம் சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்ட் என்ற ஊரில். அங்கிருந்து எல்லை தாண்டி வான்கூவருக்கு சாலை வழியே ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நமக்குச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை போவதைவிடச் சற்று அதிகம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே. காலை 9 மணிக்கு அங்கே மீட்டிங் என்றால் இங்கேயும் 9 மணி. ஹைதராபாத்தில் அவர்களுக்கு 1998 முதல் பெரிய மையம் இருந்தது. ஆனால் அங்கே இருப்பவனோடு பேச யாராவது ஒருவர் ராத்திரியில் விழித்திருக்க வேண்டும். கனடாவிலோ வேலைத் திறமை உள்ளவனுக்கு அனுமதி வாங்குவது எளிது, குலுக்கல் கிடையாது. அந்த வருடக் கடைசியில் வான்கூவர் விமான நிலையம் இருக்கும் ரிச்மண்ட் நகரில் அலுவலகம் திறந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எல்-1 என்ற விசாவைப் பார்க்க வேண்டும். பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் வெளிநாட்டுக் கிளையில் இருக்கும் மேலாளரையும் கம்பெனியின் தனி நுணுக்கம் தெரிந்தவரையும் அமெரிக்காவுக்கு மாற்றிக்கொள்ள 1970-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. நிபந்தனை என்னவென்றால், கடந்த மூன்று வருடத்தில் ஒரு வருடம் தொடர்ச்சியாக வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதற்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. முன்வாசலில் டோக்கன் தீர்ந்துவிட்டது, பக்கவாட்டுக் கதவில் டோக்கனே கிடையாது! எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை இருந்தால் குலுக்கலில் விழாதவனை அங்கே ஒரு வருடம் உட்கார வைக்கலாம். அதற்குள் இன்னொரு ஏப்ரல் வரும், மறுபடி சீட்டுப் போடலாம். அதுவும் விழாவிட்டால், தகுதி இருப்பவனை எல்-1-இல் அழைத்துக்கொள்ளலாம். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. சட்டம் ஆட்களை வாசலில் எண்ணியது. கம்பெனி மேசையை நகர்த்தி வைத்தது.

இந்தியாவில் இருந்து பெரிய கம்பெனிகள் மொத்த ஒப்புதலின் கீழ் அனுப்பும் எல்-1 ஆட்கள் அனைவரும், 2011 டிசம்பர் முதல் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் நேர்காணலுக்குச் சென்னைக்கு வர வேண்டும் என்று அமெரிக்கத் தூதரகம் ஏற்பாடு செய்தது. ஜெமினி மேம்பாலத்தின் பக்கம் காலை ஏழு மணிக்கு ஃபைலும் கையுமாக நின்ற இந்திக்காரப் பையன்களைப் பார்த்து வியந்தவர்களுக்கு இதுதான் விளக்கம்.

கம்பெனிக்கு இது லாபமான ஏற்பாடு. ஆனால் போகிறவனுக்கு? எச்-1பியில் இருப்பவன், வேறொரு கம்பெனி மனுப் போட்டால் அங்கே மாறிக்கொள்ளலாம். 2000-இல் வந்த சட்டம் அதை எளிதாக்கியது. எல்-1-இல் அது நடக்காது. அந்தக் கம்பெனிக்காக மட்டுமே அவன் உள்ளே வந்திருக்கிறான். வேலையை விட்டால் விசாவும் போகும். சம்பளத்தைப் பற்றியோ மேலதிகாரியைப் பற்றியோ அவன் எவ்வளவு தைரியமாகப் பேச முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் டிரான்ஸ்ஃபர் என்றாலே தண்டனை. இங்கே டிரான்ஸ்ஃபர்தான் பரிசு, ஆனால் கயிறு கட்டிய பரிசு. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்-1-இல் போகிறவரின் கணவனோ மனைவியோ 2002 முதல் அமெரிக்காவில் வேலை பார்க்கலாம். எச்-1பிக்காரரின் மனைவிக்கு 2015 வரை அந்த உரிமை இல்லை, அதன் பிறகும் கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டம் தாண்டியவர்களுக்கு மட்டுமே. எம்.இ. படித்த பெண் அங்கே போய் சமையலறையில் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனை! இதைக் கணக்குப் பார்த்தே ஒரு வருடம் கனடாவில் குளிர் தாங்கிய தம்பதிகளும் இருப்பார்கள்.

கனடாவின் பக்கமும் சுவாரசியமானது. இதே வான்கூவர் துறைமுகத்துக்கு 1914 மே மாதம் கோமகாட்டா மாரு என்ற கப்பல் வந்தது. அதில் 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் இறங்கலாம் என்று கனடா 1908-இலேயே ஒரு விதி போட்டிருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியில்லை என்று தெரிந்தே போட்ட விதி. இரண்டு மாதம் தண்ணீரில் நிறுத்தி வைத்து, 24 பேரை மட்டும் இறக்கிக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் கல்கத்தா பக்கம் பட்ஜ் பட்ஜுக்குத் திரும்பியபோது பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள். 1967-இல் கனடா புள்ளி முறையைக் கொண்டுவந்து, தோலின் நிறத்தை விட்டுப் படிப்பையும் வேலை அனுபவத்தையும் எண்ணத் தொடங்கியது. 2016 மே 18 அன்று பிரதமர் ட்ரூடோ கோமகாட்டா மாருவுக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் வான்கூவர் நகர மையத்தில் இன்னும் பெரிய அலுவலகத்தைத் திறந்தது.

நடுவில் 2013-இல் ஃபேஸ்புக்கும் அங்கே ஓர் அலுவலகம் போட்டது. அது தற்காலிகம் என்று முதலிலேயே சொல்லி, புது இன்ஜினீயர்களுக்கு அமெரிக்க விசா வரும்வரை வைத்திருந்து பிறகு மூடிவிட்டார்கள். நாற்காலி நம் ஊரில், ஆள் போய்ச் சேர்வது அவர்கள் ஊரில், இதனால் நமக்கு என்ன பயன் என்று கனடாக்காரர்கள் சிலர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் காத்திருக்க வந்தவர்களில் சிலர் அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டதும் உண்டு. அமெரிக்காவில் இந்தியருக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்த பிறகு யார்தான் கிளம்புவார்கள்? என் நண்பர் ஒருவரின் மகன் அப்படித்தான் "ஒரு வருஷம்தாம்பா" என்று போனான். இப்போது அவன் பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறது.

2017-இல் கனடா, திறமையான ஆட்களின் வேலை அனுமதியை இரண்டு வாரத்தில் முடித்துத் தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2023 ஜூலையில், அமெரிக்காவில் எச்-1பி வைத்திருப்பவர்கள் கனடாவுக்கு வந்து வேலை தேடலாம் என்று 10,000 இடங்களைத் திறந்தார்கள். இரண்டு நாள்கூட ஆகவில்லை, தீர்ந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ட்ரம்ப் ஓர் உத்தரவு போட்டு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஒவ்வோர் எச்-1பிக்கும் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றார். அந்த உத்தரவில் எல்-1 இல்லை.