மலையேற்றப் பந்தயமும் தோட்டப் பாதைகளும்

நோட்டன் பிரிட்ஜ் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, பேர்மிங்காம் நகரில் 1898 ஆம் ஆண்டு தோன்றிய நோட்டன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை நினைப்போர் நம்மிடையே உளர். பெயரொப்புமை கொண்டு வரலாறு எழுதுதல் தகாது. ஆயினும் மலையகத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

'ஸ்பீட்வே' எனப்படும் மண்தடப் பந்தயத்தின் முன்னோடியாக, 1923 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிற்லண்டில் நிகழ்ந்த போட்டியைப் பொதுவாகச் சுட்டுவர். 1928 பெப்ரவரி 19 இல் அது இலண்டனை அடுத்த ஹை பீச்சில் பெருங்கூட்டத்தின்முன் நடைபெற்றது. நீள்வட்டத் தடத்தில் நால்வர் இடப்புறமாக நான்கு சுற்று ஓடுவர். வண்டிகளுக்குப் பிறேக் கிடையாது. இதற்குச் சமதரை இன்றியமையாதது. எம் மலைநாட்டிலோ சரிவெல்லாம் தேயிலை. சமதரையாகக் கிடைத்த சிறு துண்டில் லயமோ தொழிற்சாலையோ நின்றது. ஆகவே ஏறுபாதையே இங்குப் பந்தயத் தடமாயிற்று.

நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டைத் தோட்டத்தில் 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் பந்தயம் இலங்கை மோட்டார் விளையாட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. ஏப்ரல் பருவகாலக் கேளிக்கைகளுள் அதுவும் ஒன்று. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறும், எதிராளி கடிகாரமே. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. இயந்திரவலு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குன்றும். கொழும்பிற் செம்மையாக ஓடிய வண்டி இங்கு எரிபொருள் மிகுந்து திணறும். காபுரேற்றரின் ஜெற்றை மாற்றத் தெரிந்தவனே வென்றான் எனலாம்.

இவ்விளையாட்டை வளர்த்தோருள் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் முதன்மையானவர். சின்னத்துரையின் மோட்டார் சைக்கிளைத் தோட்டத்து முதியோர் இன்றும் நினைவுகூர்வர். மலை சுற்றிவரும் அதன் ஓசை கேட்டதும் கொழுந்துக் கைகள் விரையும். அவர்தம் செவிக்கு அது விளையாட்டின் ஓசையன்று, மேற்பார்வையின் ஓசை. பந்தயக் குறிப்புகளில் ஓட்டுநர் பெயரும் வண்டியின் பெயரும் நேரமும் நுணுக்கமாகப் பதிவாகும். அப்பாதைகளை வெட்டிக் கல்லடுக்கிய தமிழ்த் தொழிலாளர் பற்றிய பதிவோ அவற்றில் இடம்பெறுவதில்லை. பந்தயம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பாதையை இட்டவருக்கு அப்பாதை கிடந்த நாட்டிலேயே உரிமை இல்லாமற் போயிற்று. விளையாட்டு வரலாறு எழுதுவோர் இதனைப் புறம்பான செய்தியென ஒதுக்குதல் பொருந்தாது என்பதே எம் துணிபு.

சமதரைத் தடம் கீழ்நாட்டில் வேறு வழியால் வாய்த்தது. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் பின்னர் பந்தயத் தடமாயிற்று. சென்னையை அடுத்த சோழவரத்து விமான ஓடுபாதையும் அவ்வாறே ஆனது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக, துரைமார் காலம் முடிவுற்றது, பந்தயமோ முடியவில்லை. ஓட்டுநர் இலங்கையராயினர். தியத்தலாவையில் இராணுவத்தினர் நடத்தும் பொக்ஸ் ஹில் போன்ற மண்தடப் போட்டிகளும் எழுந்தன.

மண்தடத்தைச் சூழ வேலி நிற்றல் ஸ்பீட்வேயின் மரபு. மலைச்சரிவிலோ மண்வரம்பே பலவிடத்து வேலி. 2024 ஏப்ரல் 21 இல் பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று தடம்விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. சிறுமி ஒருத்தி உள்ளிட்ட எழுவர் இறந்தனர். நுழைவுக் கட்டணமின்றித் திரண்ட கூட்டம் அது. நேரங்களைப் பதியும் ஏடுகளில் அவ்வெழுவர் பெயரும் இடம்பெறல் வேண்டும்.