கடைப் பணியாளர் பாதுகாப்பு: திருகோணமலை

வாடிக்கையாளரை நேரில் எதிர்கொண்டு பணம் வாங்கும் சிறு வணிக நிலையங்களில் வேலை செய்வோரைக் கொள்ளை, கப்பம், தாக்குதல் ஆகியவற்றிலிருந்து காக்கும் ஏற்பாடுகளும் சட்டங்களும் கடைப் பணியாளர் பாதுகாப்பு எனப்படும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய நகரில் மத்திய வீதி, திருஞானசம்பந்தர் வீதி, என்.சி. வீதி ஆகியவற்றிலும், சுற்றுலாப் பருவத்தில் இரவிலும் கடை திறந்திருக்கும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலும் உள்ள பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, பாமசி, நகைக்கடை போன்ற சிறு நிலையங்களில் பெரும்பாலும் முதலாளியின் வீட்டாரும் ஓரிரு பணியாளருமே நிற்பர்.

இந்நகரில் கடைகளுக்குப் பேரழிவு விளைவித்தோர் தனிக் கொள்ளையர் அல்லர். 1983 ஜூலையில் கடற்படைத் தளத்திலிருந்து வெளியேறிய கடற்படையினர் மேற்குறித்த வீதிகளில் வெறியாட்டம் நடத்தி ஏறத்தாழ 170 இடங்களில் தீ வைத்தனர். 2006 ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்ததை அடுத்துத் திரண்ட கும்பல் தமிழர் கடைகளைச் சூறையாடி எரித்தது. போர்க்காலத்தில் ஆயுதம் தாங்கிய தரப்புகளுக்குக் கப்பம் கட்டுவதும் வணிகர் வாழ்வின் பகுதியாயிற்று. இத்தகைய அனுபவத்தில் கனத்த இரும்புக் கதவும், பதற்றத்தின் முதல் அறிகுறியிலேயே கடையைப் பூட்டும் வழக்கமும் காப்பாகக் கருதப்பட்டது இயல்பே. ஆயினும் பூட்டிய கதவு காப்பது சரக்கை மட்டுமே. கொள்ளை நிகழ்வதோ கதவு திறந்திருந்து, காசு லாச்சிக்குப் பின்னால் ஆள் நிற்கும் வேளையில்.

அந்த ஆளுக்கு மிகுந்த ஆபத்துள்ள நேரம் கடை பூட்டும் நேரமாகும். வாடிக்கையாளர் போய்விட, நாள் முழுவதும் சேர்ந்த பணம் ஒரே இடத்தில் குவிந்திருக்க, தனித்து நிற்கும் பணியாளர் வீதிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கதவின் அடிப்பூட்டைப் பூட்டுகிறார். விற்பனைப் பணம் பெரும்பாலும் சொப்பிங் பையொன்றில் அவர் கையிலேயே தொங்குகிறது. 1970களில் அமெரிக்காவில் செவன்-இலெவன் கடைகளை நடத்திய சவுத்லாண்டு நிறுவனத்துக்காகக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு, முன்னாள் கொள்ளையர் ஒருவரின் அறிவையும் துணைகொண்டு, லாச்சியில் குறைந்த பணமே வைத்தல், மிகுதியைப் பணியாளரால் திறக்க இயலாத பெட்டகத்தில் இடுதல், உள்ளே நடப்பது வீதிக்குத் தெரியும்படி கண்ணாடியை மறைக்காதிருத்தல், எதிர்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடப் பயிற்றுதல் ஆகியவற்றால் கொள்ளைகள் குறைவதைக் காட்டியது. புளோரிடாவின் கேன்ஸ்வில் நகரசபை 1986இல் இரவுக் கடைகளில் இருவர் பணிபுரிய வேண்டும் என விதித்தது. திருகோணமலைச் சிறுகடைக்கு இரண்டாம் ஆளின் சம்பளம் பாரமாகலாம். ஆனால் முகப்பை மறைத்து ஒட்டிய ரீலோட் விளம்பரங்களையும் வாசலை அடைத்துத் தொங்கும் வாழைக்குலைகளையும் ஒதுக்குவதற்குச் செலவில்லை. இலங்கை மத்திய வங்கி ஊக்குவிக்கும் லங்கா கியூ.ஆர். கொடுப்பனவும், பரப்பப்படும் நோக்கம் வேறாயினும், லாச்சியிலுள்ள காசைக் குறைக்கிறது.

சட்டம் கொள்ளையரைத் தண்டிப்பதில் தெளிவாகவும் பணியாளரை முன்கூட்டிக் காப்பதில் மௌனமாகவும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ சேர்ந்த களவைக் கொள்ளை எனப் பிரித்து, பத்தாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தளப் பாதுகாப்பைப் பேசினாலும் சாதாரணக் கடை அதன் எல்லைக்குள் வருவதில்லை. கடைகளுக்கென்றே 1954இல் இயற்றப்பட்ட கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் அக்கறை எட்டு மணி நேர வேலைநாள், விடுமுறை, சம்பளம் ஆகியவற்றின் மீதே உள்ளது.

காயமடைந்த பின் உதவுவது 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கே நட்டஈடு என்னும் அதன் நிபந்தனை இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கு, சுரங்கத் தொழிலாளரின் சம்பளப் பணத்தோடு ரயிலில் சென்ற காசாளர் கொல்லப்பட்டபோது, வேண்டுமென்றே செய்த கொலையாயினும் பணியாளர் நோக்கில் அது விபத்தே என 1910இல் நிஸ்பெட் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தர்க்கம் காசு லாச்சியின் பின் நிற்பவருக்கும் பொருந்தும். ஆனால் நியமனக் கடிதமோ ஊழியர் சேமலாப நிதிப் பதிவோ இன்றி நாட்சம்பளம் பெறும் பணியாளர், தாக்கப்பட்டதை நிறுவுமுன் அக்கடையில் வேலை செய்தவர் என்பதையே நிறுவ வேண்டியிருக்கிறது.