பல் சுகாதாரப் பணியாளர் (வடசென்னை)

பற்காரை நீக்குவது, பல்லை மெருகிடுவது, வாயைப் பேணக் கற்றுத்தருவது ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர். மருத்துவமனைகளில் ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்பார்கள்.

இத்தொழில் பிறந்த பிரிட்ஜ்போர்ட்டும் ராயபுரம், திருவொற்றியூர் போலத் துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த ஊர். அமெரிக்காவின் அந்நகரில் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1906-இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பயிற்சி தந்தார். 1913-இல் ஃபோன்ஸ் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் தேறிய பெண்கள், நகரின் பள்ளிக்கூடங்களுக்கே போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள்.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இப்பணியைத் தனியே வரையறுத்தது. பதிவேட்டுக்கும் வழி செய்தது. ஆலைத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி, இன்று கோட்டை ரயில் நிலையம் எதிரே தனி அரசுக் கல்லூரியாக நடக்கிறது. எண்ணூர்க்காரர் மின்ரயிலில் பீச் வந்து அடுத்த நிலையத்தில் இறங்கினால் போதும். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் வலி தாங்காதபோதுதான் வருவார்கள்.

‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பயமும் உண்டு. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் உமிழ்நீர் சுரக்குமிடம் என்பதால் காரை அங்கே கல்லாய்ப் படியும். ஈறு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லை அந்தக் காரைதான் பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும். கருவியை எடுக்குமுன் கண்ணாடியில் இதைக் காட்டி, ‘வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்’ என்று சொல்லி, கை எழுந்ததும் நிறுத்துபவரே நல்ல பணியாளர்.

சுமை தூக்குவோர், இரவில் கன்டெய்னர் லாரி ஓட்டுவோர் பலருக்குத் தூக்கம் விரட்டுவது பாக்கும் புகையிலையும் கலந்த மாவாதான். தமிழ்நாடு 2013-இல் குட்காவைத் தடைசெய்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை இறுக்கிவிடும். வாயில் மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாமல் போகும். இதையும் வெள்ளைத் திட்டையும் முதலில் கவனித்து மருத்துவரிடம் அனுப்பக்கூடியவர் ஹைஜீனிஸ்ட். ஆனால் பழக்கத்துக்காக அவரிடம் ஏச்சு வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

இருந்தும் நம் நாட்டில் இவர்கள் மிகச் சிலரே. பல்லைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் பல் மருத்துவர் கையில்தான் இருக்கிறது. 1948 சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டத்தில் உள்ள இந்தப் பணிக்கு ஆலையோர இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் ஒரு நாற்காலி போட வேண்டியது அரசின் வேலை.