தாயகம் திரும்பியோர்

ஊரைத் துறந்து சென்றவரை அரபு மொழி 'முஹாஜிர்' என்கிறது. புகலிடம் நாடி வந்தவரை 'லாஜிஉ' என்கிறது. தமிழில் 'அகதி' என்றால் கதியற்றவர். 1960களில் நம் அரசாங்க ஏடுகள் வேறொரு சொல்லை வழங்கலாயின: 'தாயகம் திரும்பியோர்'. இச்சொல்லுக்கு உரியவராய்க் கரையிறங்கியவருக்குக் குடியுரிமை உண்டு, கடன் உண்டு, வேலையும் உண்டு. அகதி என்று எழுதப்பட்டவருக்கு முகாமும் உதவித்தொகையும் மட்டுமே. ஒரே கடலைக் கடந்து வந்த ஒரே வமிசத்தார் இவ்விரு சொற்களால் இரு கூறாக்கப்பட்டனர் என்பதே ஈண்டு யாம் சொல்லப் புகும் வரலாறு.

முதலில் பர்மா. 1962 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகண்ணிகளையும் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. பரம்பரையாய்ச் சேர்த்த முதல் ஒரு பகலில் வெறுங்காகிதமாயிற்று. ரங்கூனில் சூலியா பள்ளிவாசலைக் கட்டி வாழ்ந்த நம் மரைக்காயர், இராவுத்தர் குடும்பங்களும், செட்டிநாட்டாரும், துறைமுகக் கூலிகளும் ஒரே கப்பலில் ஒரே தரத்தினராய்ச் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். தமிழகத்துக்கு மட்டும் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். பர்மாவுக்கே மீள விரும்பி எல்லைவரை சென்று, உள்ளே விடப்படாமல் மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே தமிழர் கோயிலும் பள்ளிவாசலும் இன்றும் இருக்கின்றன.

வந்தவர்களில் பெரும்பாலோர் வணிகம் அறிந்தவர்கள். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே, இராஜாஜி சாலையோரத்தில், 1969இல் பர்மா பஜார் உருவாயிற்று. அதே ஆண்டில் தாயகம் திரும்பியோருக்கென்றே 'ரெப்கோ' என்னும் கூட்டுறவு வங்கியை மத்திய அரசு நிறுவியது. ஒரு நடைபாதை, கொஞ்சம் முதல், மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டனர். 'அத்தோ' என்னும் பர்மியத் தின்பண்டத்தை அப்பகுதியில் வாங்கி உண்ணும் இளைஞர் பலருக்கு அதன் பின்னுள்ள கப்பற்பயணம் தெரியாது.

மதீனத்து வரலாற்றைப் படித்தோர்க்கு இது புதிதாய்த் தோன்றாது. மக்காவினின்று வந்தவர்களையும் மதீனத்து அன்சாரிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இருவர் இருவராய்ச் சகோதரராக்கினார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் உடைமையில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதனை ஏற்காமல், கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வாழ்வைத் தொடங்கினார்கள். இதனை அன்னாரின் தன்மானத்துக்குச் சான்றாகவே நம் உலமாக்கள் பலரும் எடுத்துரைப்பர். அது சரியே. எனினும் அவர்கள் வணிகர்; வணிகருக்குக் கடைத்தெரு கிடைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இலங்கையிலிருந்து வந்தோருக்கு இந்தப் பொருத்தம் வாய்க்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரை, 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அதுவும் பாதி பாதியாயிற்று. தோட்டத்து இலயங்களில் இருந்தவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. இந்தியாவுக்கு வர விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய தொகையினும் குறைவே. அட்டனில் பிறந்து இந்தியாவைக் கண்ணால் காணாதவருக்கு எது தாயகம்? அப்படியிருந்தும் தலைமன்னார்க் கப்பலில் 1984 வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். தோட்டக் கூலிகளை இலங்கைக்கு அனுப்பும்முன் தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபம் முகாமில் அவர்தம் பேரர்கள் வந்து இறங்கினர்.

கொழுந்து பறித்த கைகளுக்குத் தேயிலையே தந்த இடங்களில் வாழ்வு ஒருவாறு நிலைத்தது. நீலகிரியில் 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாய் வளர்ந்தது. கேரளத்துப் புனலூரிலும் கருநாடகத்துச் சுள்ளியாவிலும் இரப்பர்த் தோட்டங்கள் அமைந்தன. ஆனால் பெருந்தொகையினருக்குக் கிடைத்தது சிறுகடை வைக்கக் கடன். தராசு பிடித்தறியாதவர் சமவெளியில் என்ன கடை நடத்துவார்? கடன் சில மாதங்களில் கரைந்தது. குடும்பங்கள் மீண்டும் மலையேறின. கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் அவர்களுள் உண்டு. பர்மாக்காரருக்கு ஏற்ற மருந்தைத் தோட்டக்காரருக்கும் புகட்டியதன் விளைவு இது.

1983 ஜூலைக் கலவரத்திற்குப்பின் வந்தவர்களோ அகதிகள். எம் தா.பழூர் அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தாயகம் திரும்பியோர் தங்கிய திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் இவர்களும் வைக்கப்பட்டனர். பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்திலும் ஒரு முகாம் ஏற்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைத் தமிழகம் திறந்துவிட்டது. இது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. 1992 முதல் 1995 வரை பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் முகாம்களில் சுமார் 58,000 பேரும் வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தனர்.

இவர்களுள் பல்லாயிரவர் மலையகத்தார். தாயகம் திரும்பியோரின் அண்ணன் தம்பி மக்கள். சிலர் ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்து முறைக்குக் காத்திருந்தபோதே கப்பல் நின்றுபோனது. தோணியில் வந்ததால் அகதியாயினர். இலங்கை, 2003இல் சட்டமியற்றித் தன் மண்ணில் எஞ்சிய இந்திய வமிசத்தாருக்குக் குடியுரிமை வழங்கிவிட்டது. இந்தியா 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்தோரையே குறிப்பிட்டது; அதிலும் முஸ்லிம்களுக்கு இடமில்லை. இலங்கையின் பெயரே அதில் இல்லை.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வமிசத்தார் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாய் விண்ணப்பிக்கலாம் என்றும் அரசு அவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகையை மாற்ற மாநில அரசால் இயலும். குடியுரிமை வழங்கும் அதிகாரம் டில்லியிடமே உள்ளது.