சோத்துக்கு வந்த சோதனை

மந்தைவெளி மார்க்கெட் பக்கம் காலைல வாக்கிங் போறவங்க பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. முன்னெல்லாம் கிரிக்கெட், கச்சேரி, மெகா சீரியல். இப்போ பனீர், பாதாம், 'கார்ப் எவ்ளோ?'. கீட்டோங்கறது என்னவோ நேத்து ஃபேஸ்புக்ல பொறந்த மாதிரி ஒரு நெனப்பு. அதுதான் இல்லை.

1863-லேயே லண்டனில் வில்லியம் பான்டிங்னு ஒருத்தர், டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையை சின்னப் புத்தகமாகவே போட்டார். அவர் தொழில், சாவுக் காரியங்களை ஏற்பாடு செய்து தருவது :-)

'கீட்டோஜெனிக்' என்ற பெயர் 1921-ல் வந்தது. வைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது. பட்டினி போடாமலே உடம்பைக் கொழுப்பை எரிக்க வைத்தால் என்ன என்பது அவர் யோசனை. ஆக, கீட்டோ பொறந்தது வலிப்பு நோய்க்கு. தொப்பைக்கு இல்லை.

சர்க்கரை நோய்க்கும் 1922-ல் இன்சுலின் வரும்வரை, மாவுச்சத்தைக் குறைப்பதுதான் டாக்டர்கள் கையில் இருந்த முக்கிய வழி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு, 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை என்று தொடங்கியவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். மூணு வேளையும் அரிசியா தின்கிற ஜனங்ககிட்ட சோறே கூடாதுன்னா எத்தனை நாள் நடக்கும்? அவர் அதிக மாவுச்சத்தும் அதிக நார்ச்சத்தும் சேர்ந்த உணவை ஆராய்ந்து முன்வைத்தார்.

அவர் மகன் டாக்டர் வி.மோகன். அவர் குழு 2022-ல் 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைக் குறை, புரதத்தைக் கூட்டு என்கிறது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம். கீட்டோவிலோ சுமார் 10 சதவீதத்துக்குள்!

அப்போ அப்பாவுக்கும் பிள்ளைக்கும் முரண்பாடா? எனக்கு அப்படித் தோணலை. மகனின் ஆய்வும் நார்ச்சத்தை விடவில்லை. நாமதான் அப்பா சொன்னதில் மாவுச்சத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நார்ச்சத்தைக் கோட்டை விட்டோம். தவிட்டை எடுத்து அரிசியை வெள்ளைவெளேர்னு பாலிஷ் போட்டோம், கீரையை ஓரமா ஒரு ஸ்பூன் வச்சோம், நடையையும் குறைச்சுட்டோம்.

எங்க மாமா ஒருத்தர் ஒரே நாளில் சோத்தை நிறுத்திட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கிட்டு இருந்தார். மூணாம் நாள் சர்க்கரை சரசரன்னு இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உக்காந்துட்டார். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணிதான் காப்பாத்துச்சு. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க உணவை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்திக்கணும். இதை யாரும் வாக்கிங்ல சொல்றதில்லை.

இப்போ மாமா தட்டில் சோறு பாதி. மீதி இடத்தில் கீரை, அவரைக்காய், சுண்டல். மாமிக்குத்தான் வேலை ஜாஸ்தி. உங்க வீட்ல எப்படி?